புன்னைக்காய் வந்த வழி

கப்பலில் அவருக்கு வைத்த பெயர் துருவி. இருபத்தாறு வருடம் இயந்திர அறையில் குழாய் வேலை பார்த்தவர். துருப்பிடித்த குழாய்களோடு வாழ்ந்ததால் வந்த பெயர் என்பார்கள் சிலர். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்தது என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே சரிதான். சாப்பாட்டில் உப்பு ஏறிவிட்டால் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே விழுங்குவார்கள். இவர் மட்டும் தட்டோடு சமையல்காரரிடம் போய் நிற்பார். "கரண்டிய மாத்தினீங்களா, இல்ல உப்பையே மாத்திட்டீங்களா?" குறை சொல்வதற்காக இல்லை. தெரிந்துகொள்ளாமல் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

ஐம்பத்தோராவது வயதில் வலது காது முழுவதும் போயிற்று. இடது காதில் பாதி மிச்சம். இயந்திரச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்றார் கம்பெனி டாக்டர். கை குலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணமாகி இருபத்து நாலு வருடம். வருடத்துக்கு இரண்டு மாத லீவு என்று கூட்டிப் பார்த்தால், மனைவியோடு சேர்ந்து வாழ்ந்தது நாலே வருடம். ஒரே மகள், அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். மனைவி பத்தொன்பது வருடமாக ஊரின் அரசு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலை நாலரைக்குத்தான் திரும்புவாள். இத்தனை வருடம் தனக்கென்று ஒரு ஒழுங்கில் ஓடிக்கொண்டிருந்த வீட்டில், எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரியாத ஒரு ஆம்பிளை நிரந்தரமாக வந்து உட்கார்ந்துகொண்டார்.

உட்கார்ந்தாலாவது பரவாயில்லை.

"இந்த ஜன்னலை ஏன் திறக்கறதே இல்ல?"

"சிக்கிக்கிச்சு."

"எப்ப சிக்கிச்சு? மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"ஏங்க, இது வீடா, விசாரணைக் கமிஷனா?"

மூன்றாவது மாதம் அவள் ஆஸ்பத்திரியின் பராமரிப்பு மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்தாள். "குழாய் வேலைக்கு ஆள் தேடறீங்களாமே சார். எங்க வீட்டுக்காரர் நல்லா பார்ப்பார். அவருக்கு வேலைகூட முக்கியமில்ல, கேள்வி கேக்க நாலு பேர் வேணும்." மேற்பார்வையாளர் முப்பத்தைந்து வயதுக்காரர், எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். சிரித்துவிட்டு, நாளைக்கே வரச் சொன்னார்.

வேலையில் துருவியாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அடைப்பை எடுப்பது பாதி வேலைதான், அது எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் மீதி. "சும்மா குத்தி விட்டுட்டுப் போனா நாளைக்கும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க" என்பார். ஒரு கழுவுதொட்டியில் அடைப்பு என்று கூப்பிட்டால், அடைத்த பஞ்சை வெளியே எடுத்து, எந்த நர்ஸ் எந்த மேஜையில் கட்டுப் போடுகிறார் என்பது வரைக்கும் போய்விடுவார். நர்ஸுகள் அவரைக் கண்டால் பாதி சிரிப்பார்கள், பாதி ஒளிவார்கள்.

அந்த வருடத்தின் முதல் பெருமழையில் பழைய எலும்பு முறிவு வார்டின் கூரை ஒழுகியது. ஒழுகியது என்பதுகூடக் குறைச்சல், ஒன்பதாவது படுக்கை மேல் கொட்டியது. கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு தகரக் கால்வாய் உண்டு. அது நிரம்பி, தண்ணீர் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. மழை விட்டதும் துருவியார் ஏணி வைத்து ஏறினார். கால்வாயிலிருந்து கீழே இறங்கும் குழாயின் வாயில் உருண்டை உருண்டையாக என்னவோ அடைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். கோலிக்குண்டைவிடப் பெரிது, எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது. மரம் போலக் கெட்டி. மொத்தம் அறுபத்து மூன்று.

மேற்பார்வையாளர் வாளியை எட்டிப் பார்த்தார். "யாரோ வேலை இல்லாம தூக்கிப் போடறாங்க அண்ணே. கொட்டிட்டு வாங்க."

"இருபத்தஞ்சு அடி உயரத்துக்கு, குறி பார்த்து, அறுபத்து மூணு தடவையா சார்?"

"அப்ப மரத்துலேருந்து விழுந்திருக்கும்."

"மேல மரமே இல்லையே."

உண்மைதான். அந்த வார்டைச் சுற்றி சிமெண்டு முற்றமும், ஆம்புலன்ஸ் நிற்கிற கொட்டகையும் தவிர ஒரு செடிகூடக் கிடையாது. மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். துருவியார் வாளியோடு குழாயடியில் உட்கார்ந்து, உருண்டைகளைக் கழுவினார். கழுவும்போது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, சில காய்களின் மேல் இன்னும் பச்சைத் தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதில் ஊசியால் கீறினதுபோலச் சின்னச் சின்னப் பல் தடம். இரண்டாவது விஷயம்தான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. இந்த உருண்டையை அவருக்கு ஏற்கனவே தெரியும்.

கப்பலின் அடிவயிற்றில் கடல் தண்ணீரை உள்ளே இழுக்கும் வாய் ஒன்று உண்டு. அதில் ஒரு வடிகட்டிக் கூடை இருக்கும். அந்தக் கூடையைக் கழற்றிச் சுத்தம் செய்வது அவர் வேலை. மீன், பாசி, பிளாஸ்டிக் பை, இவற்றோடு எத்தனையோ துறைமுகங்களில் இதே உருண்டைகள் வந்திருக்கின்றன. ஒரு தடவை ஒன்றைச் சுத்தியால் உடைத்தும் பார்த்திருக்கிறார். கெட்டி ஓடு, உள்ளே தக்கை மாதிரி ஒரு படலம், அதற்குள் எண்ணெய்ப் பசையோடு வெளுத்த பருப்பு, அழுகாமல். "கடல்ல மிதந்துக்கிட்டே இருந்தும் கெடாம இருக்கே, இது எங்க முளைச்சது?" என்று அப்போது கேட்டதற்கு, "தூக்கித் தண்ணியில போடுய்யா" என்றுதான் பதில் கிடைத்தது. போட்டுவிட்டார். கேள்வி மட்டும் உள்ளே தங்கியிருந்தது.

மறுநாள் ஒழுகின இடத்தைப் பார்க்க வார்டுக்குள் போனபோது, பதினோராம் படுக்கைக்காரர் கூப்பிட்டார். கால் முறிந்து, எடை கட்டித் தொங்கவிட்டு, மூன்று வாரமாக மல்லாந்து கிடக்கிற பெரியவர். லாரி ஓட்டுநராக இருந்தவராம்.

"தம்பி, மேல உருண்டை உருண்டையா கிடந்துச்சாமே?"

"ஆமாங்கய்யா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலைத்தானே தூக்கிக் கட்டியிருக்காங்க, கண்ணையா கட்டியிருக்காங்க? நான்தான் தினமும் பார்க்கறேனே. வெளிச்சம் மங்கினதும் வருது. அந்த ஜன்னலுக்கு மேல, கூரைக்கு அடியில, தகரக் கால்வாய்க்கு நேரா மேல தலைகீழாத் தொங்குது. வாயில ஒரு உருண்டை இருக்கும். கொஞ்ச நேரம் கொறிக்கும். அப்புறம் டொக்குன்னு ஒரு சத்தம்."

"எது வருது?"

"வௌவால்தான். நர்ஸம்மாகிட்ட சொன்னேன். ஊசி போடவான்னு கேட்டுச்சு."

எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று துருவியார் கேட்டார். பெரியவரின் ஜன்னலிலிருந்து அது தெரியாது. தகரத்தில் டொக்கென்று விழுகிற சத்தம் அடுத்த கட்டடத்தில் குழாய் மாட்டிக்கொண்டிருந்த தனக்கு ஒரு நாளும் கேட்கவில்லையே என்று துருவியார் ஒரு நிமிடம் யோசித்தார். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் மூன்று நாள் அவர் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தார். வேலை முடிந்ததும் சட்டைப்பையில் இரண்டு காயைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பேருந்து நிலையம், பள்ளிக்கூட மைதானம், மீன் ஏலக் கூடம் என்று ஒரு மரம் விடாமல் அண்ணாந்து பார்த்தார். மருந்துக் கடைக்காரரிடம் காட்டினார். தபால்காரரிடம் காட்டினார். விறகுக் கடைக்காரர் அதை மோந்து பார்த்து, "புன்னைக்காய். முன்னெல்லாம் இதுலேருந்து விளக்கெண்ணெய் மாதிரி எரிக்க எண்ணெய் எடுப்பாங்க" என்றார். மரம் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. பெயராவது கிடைத்ததே என்று துருவியார் வீட்டுக்கு வந்தார். கால் வீங்கியிருந்தது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து காய் தரையில் விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுத்தாள்.

"இதை ஏன் வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க? அங்கதான் பெருக்கி மாளல."

"எங்க?"

"எங்க சலவைக்கூடத்துக்குப் பின்னாடி. துணி காயப்போடற இடத்துல இருக்கே, பெரிய மரம்."

துருவியார் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "மூணு நாளா ஊர் பூரா சுத்தறேன். தபால்காரர்கிட்டகூடக் கேட்டேன்."

"என்கிட்ட கேட்டீங்களா?"

வீட்டில் ஜன்னல் முதல் ஜாடி வரை எல்லாவற்றையும் பற்றிக் கேட்ட மனிதர், பத்தொன்பது வருடமாக நீ வேலை செய்கிற இடம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அது ரொம்ப நாளாகவே தெரியும்.

மறுநாள் மாலை நாலரைக்கு அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. அவர் வருவதற்காகச் சலவைக்கூட வாசலில் நின்றாள். பிரதான கட்டடத்திலிருந்து முந்நூறு அடி தள்ளி, ஒரு மதிலுக்கு அப்பால் இருந்தது அந்த இடம். புதுக் குழாய்கள் போட்டிருந்ததால் அங்கே அவருக்கு வேலையே வந்ததில்லை. பின்கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. முற்றம், கொடிக்கயிறுகள், வெள்ளை விரிப்புகள், அதற்கப்புறம் மணலும் கடலும். மணலும் முற்றமும் சேருகிற விளிம்பில் புன்னை நின்றது.

உயரம் அதிகமில்லை. கடல் காற்று தள்ளித் தள்ளி, அடிமரம் கரைப் பக்கமாகச் சாய்ந்து, கூன் போட்ட மாதிரி இருந்தது. அலை அரித்து ஒரு பக்கத்து வேர்கள் வெளியே தெரிந்தன. ஆனால் தலையைப் பார்த்தால் யாருக்கும் வயது சொல்லத் தெரியாது. பிளாஸ்டிக் போலத் தடித்து மினுங்கும் இலைகள், கரும்பச்சையாக, ஒரு துளை தெரியாமல் மூடியிருந்தன. ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தார். நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் சீப்பின் பல் போல நெருக்கமாகக் கோடுகள்.

"உப்புக் காத்துல எப்படி இப்படி பச்சையா இருக்கு?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். இந்தக் கொடியில போட்டா துணி மெத்துன்னு இருக்கும். அந்த ஓரத்துக் கொடியில போட்டா மொடமொடன்னு உப்புப் படிஞ்சிடும். மரம் மறைக்குதுல்ல."

அவள் பேசப் பேச அவருக்கு வியப்பாகிவிட்டது. பூக்கும் மாதத்தில் விரிப்புகளில் மஞ்சள் பொட்டு விழும், தேனீக்கள் காலில் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு கொடிகளில் வந்து உட்காரும் என்றாள். அந்த மாதம் முழுக்க, சலவைக்காரிகள் உதறாமல் எதையும் மடிக்க மாட்டார்கள். மேல் கிளைகளில் இராத்தங்க வரும் நாரைகள் நாலு வரிசைத் துணியை நாசமாக்கியதால், அந்தப் பக்கத்துக் கயிற்றை அவளே இடம் மாற்றிக் கட்டியிருக்கிறாள். சங்கு சுமக்கும் துறவி நண்டுகள் சாயங்காலம் மரத்தடிக்கு ஏறி வரும். வௌவால் கடித்துப் போட்ட காயில் மிச்சமிருக்கும் சதையைக் கிள்ளித் தின்னும். அடிமரத்துப் பொந்தில் ஒரு ஆந்தை, ஆறு வருடமாக.

"இதெல்லாம் ஏன் என்கிட்ட சொன்னதே இல்ல?"

"போன்ல ரெண்டு நிமிஷம் பேசுவீங்க. மகளுக்கு ஜுரமா, வாடகை கட்டியாச்சான்னு கேப்பீங்க. இதுல நண்டைப் பத்தி எங்க சொல்றது?"

இருவரும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்கள். சூரியன் போய், வானத்தில் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. அவள் சட்டென்று அவர் முழங்கையைத் தொட்டாள். "வந்தாச்சு."

"எங்க?"

"கேக்கலையா? கீச் கீச்சுன்னு சண்டை போடுதுங்களே."

அவருக்கு அலைச் சத்தம்கூட மங்கலாகத்தான் கேட்டது. அவள் விரலால் திசை காட்டினாள். அங்கே பார்த்தால், இலைக்கூட்டத்துக்குள் கருப்பாக ஒன்று நுழைகிறது. அவள் காதும் அவர் கண்ணுமாக எண்ண ஆரம்பித்தார்கள். "இதோ, வலது பக்கம்." "பார்த்துட்டேன். ஒரு காயைக் கவ்விடுச்சு." "இன்னொண்ணு." ஒவ்வொன்றும் காயைக் கவ்வியதும் ஒரு நொடிகூட அங்கே தங்கவில்லை. மதிலைத் தாண்டி, நேரே எலும்பு முறிவு வார்டைப் பார்த்துப் பறந்தது.

"மரத்துலயே உட்கார்ந்து தின்னா என்னவாம்? எதுக்கு முந்நூறு அடி சுமக்கணும்?"

அவள் சிரித்தாள். "வீட்டுக்கார ஆந்தை பார்த்துக்கிட்டிருக்கும்போது யாருங்க உட்கார்ந்து சாப்பிடுவாங்க?"

அது சரியான காரணமா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுத்த இரண்டு வாரமும் தினமும் போய்ப் பார்த்தார். ஆந்தை பொந்துக்கு வெளியே வராத நாட்களிலும் வௌவால்கள் காயைத் தூக்கிக்கொண்டுதான் போயின. தங்களுக்குள் பிடுங்கல் சண்டை அதிகம், அதனால்தான் ஒதுங்கித் தின்கின்றன என்பது அவர் கட்சி. ஆந்தைதான் காரணம் என்பது அவள் கட்சி. வீட்டில் பேச ஒரு விஷயம் கிடைத்தது.

துருவியார் செய்த ஒரே தப்பு, கண்டுபிடித்ததை அப்படியே மேற்பார்வையாளரிடம் சொன்னது. அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா? நல்லவேளை அண்ணே. மரத்தை எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சது."

வெள்ளிக்கிழமை காலை மரம் அறுக்கும் இயந்திரத்தோடு இரண்டு பேர் சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். துருவியார் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். வௌவால், தேனீ, நாரை, நண்டு என்று மூச்சு வாங்க அடுக்கினார். மேற்பார்வையாளர் பொறுமையாகத்தான் கேட்டார். "அண்ணே, நான் ஆஸ்பத்திரி நடத்தறேன். மிருகக்காட்சிசாலை இல்ல."

அப்போது துருவியாரின் மனைவி கையில் இரண்டு தலையணை உறையோடு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "சார், இதைத் தொட்டுப் பாருங்க. இப்ப இதைத் தொடுங்க."

ஒன்று மெத்தென்றிருந்தது. மற்றது உப்பேறி, அட்டை மாதிரி விறைத்திருந்தது.

"இது மரத்துக்கு இந்தப் பக்கம் காஞ்சது, அது ஓரத்துல காஞ்சது. போன புயல்ல பெரிய கிளை ஒண்ணு முறிஞ்சுதே, நீங்க வர்றதுக்கு முந்தி. அந்த வருஷம் பூரா நாங்க ஒவ்வொரு துணியையும் ரெண்டு தடவை அலசினோம். தீக்காய வார்டுல விரிப்பு உரசுதுன்னு நோயாளிங்க அழுதாங்க. மரத்தை எடுங்க சார், வேணாங்கல. அதுக்கு முன்னாடி இந்த முற்றத்துக்கு ஒரு சுவர் எழுப்பிக் குடுங்க."

பின்னால் ஆறு சலவைக்காரிகள் ஈரத் துணியோடு நின்றிருந்தார்கள். மேற்பார்வையாளர் இரண்டு உறைகளையும் மறுபடி மறுபடி தடவிப் பார்த்தார்.

"சரி. ஒழுகறதுக்கு என்ன வழி?"

"என்கிட்ட விடுங்க சார்" என்றார் துருவியார். "கடலையே வடிகட்டினவன், காயை வடிகட்ட மாட்டேனா?"

தகரக் கால்வாயின் மேல் கம்பி வலையைச் சாய்வாகப் பொருத்தினார். விழுகிற காய் உருண்டு சிமெண்டு முற்றத்துக்கு வந்துவிடும். பதினோராம் படுக்கைக்காரர் டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் தினமும் அறிக்கை கொடுத்தார். "நேத்து பதினாறு டொக்கு." அடுத்த மழையில் ஒன்பதாவது படுக்கை நனையவில்லை. மரம் அறுப்பவர்கள் அதற்கப்புறம் வரவில்லை. சுவரும் வரவில்லை.

மழைக்காலம் முடியும்போது, குழாயடியில் ஓரமாக வைத்து மறந்துபோன வாளியிலிருந்த காய்களில் பத்துப் பன்னிரண்டு ஓடு பிளந்து முளை விட்டிருந்தன. துருவியார் பழைய பெயிண்ட் டப்பாக்களில் அவற்றை வளர்த்து, மரத்துக்கு இரண்டு பக்கமும் மணலில் நட்டார். நண்டு கத்தரித்ததில் பாதி போயிற்று. ஒன்றை ஆடு தின்றது. நாலு நின்றன. முழங்கால் உயரம் வருவதற்கே ஒன்றரை வருடம் ஆயிற்று. இதற்கு இவ்வளவு நிதானம் எதற்கு என்று அவர் கேட்டார். செடி பதில் சொல்லவில்லை.

அதற்கிடையில், மறுவருடம் நடந்ததுதான் அவரை உண்மையிலேயே தூங்கவிடாமல் செய்தது. மரத்தில் ஒரு காய்கூட இல்லாத மாதம். பூ மட்டும்தான், விரிப்பெல்லாம் மஞ்சள் பொட்டு. ஒரு காலை, வார்டுக்குக் கீழே சிமெண்டில் ஈரம் காயாத மூன்று புன்னைக்காய்கள் கிடந்தன. புதுப் பல் தடம், பச்சைத் தோல். எடுத்துக்கொண்டு நேரே சலவைக்கூடத்துக்குப் போனார்.

"இதைப் பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மரத்தை அண்ணாந்து பார்த்தாள், காயைப் பார்த்தாள். "நம்ம மரத்துது இல்ல. இது கொஞ்சம் நீளமா இருக்கு."

"அப்ப எங்கேயோ இன்னொரு மரம் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடற்கரையோரமாக வடக்கே நடந்தார்கள். பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ரொட்டி, காய்கள். அவர் எல்லா மரத்தையும் பார்த்தார். அவள் வழியில் வந்தவர்களையெல்லாம் கேட்டாள். அந்த வியாதி அவளுக்கும் ஒட்டியிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கழிமுகம் குறுக்கிட்டது. அதற்குமேல் நடக்க வழியில்லை. துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டு ஒரு படகுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். துருவியார் காயை நீட்டி, அக்கரையில் இந்த மரம் இருக்கிறதா என்று கேட்டார்.

படகுக்காரர் வாயைக் கொப்பளித்துவிட்டுக் காயை வாங்கி உருட்டினார்.

"இருக்கே."

"எங்க?"

"எந்த மரத்தைக் கேக்கறீங்க? அக்கரைத் திட்டு பூரா இதுதான். என் தாத்தா காலத்துல ஆளுங்க வச்சதில்ல, தண்ணி கொண்டுவந்து வச்சதுன்னு சொல்வாங்க. சாயங்காலம் அங்கேருந்து வௌவால் கிளம்பினா வானமே கருத்துப் போகும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி கடலில் கால் வைக்க மாட்டேன் என்று வந்த முதல் நாளே சொன்ன மனிதர்தான் அவர். அவள் அதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறியிருந்தாள்.

"வாங்க" என்றாள். "சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. எந்த மரத்துக் காய் நீளமா இருக்குன்னு பார்த்துட்டு வந்துடலாம்."